கோல்ச்சிசினா, ஒரைசலினா: ஆர்க்கிட்டை நான்மடியமாக்க எதை வாங்குவது?

பினாங்கில் திசு வளர்ப்பு ஆய்வில் இறங்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, டெண்ட்ரோபியத்தை நான்மடியமாக்கப் போறேன். கோல்ச்சிசின் எந்தத் தரத்துல வாங்கலாம்?" டெண்ட்ரோபியம் ஓர் ஆர்க்கிட் இனம். நான்மடியம் என்றால் செல்லுக்குள் வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு குரோமோசோம் தொகுதி இருப்பது. கோல்ச்சிசினும் ஒரைசலினும் அந்த இரட்டிப்பை உண்டாக்கும் மருந்துகள். தரத்தைப் பற்றிப் பேசும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கோல்ச்சிசின் கட்டாயம் வேண்டுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிட்டின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் ஒரைசலினில் தொடங்குங்கள். மனித இரத்த செல்களில் குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் கோல்ச்சிசினின் உறவான கோல்செமிட். வேர் நுனியில் குரோமோசோம் எண்ண மட்டும் என்றால் இவை எதுவுமே வேண்டாம், அதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கோல்ச்சிசினை வாங்குவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் "எல்லாக் கட்டுரையிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்" என்பது அந்தக் காரணங்களில் ஒன்று அல்ல.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1820-இல் பிரான்சில் பெல்லத்தியேவும் காவந்துவும் கோல்ச்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து இந்த ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர், கார்த்திகை மாதத்தில் தீக்கொழுந்து போலப் பூக்கும் அந்தக் கொடியேதான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதை வயலில் பயிரிட்டு, விதையை மருந்துத் தொழிலுக்கு விற்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் கோல்ச்சிசினால் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். அப்புறம் ஜப்பானில் கிஹாரா அந்த வழியைப் பிடித்துக்கொண்டு விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கினார். 22 குரோமோசோம் கொண்ட சாதாரணத் தர்பூசணியை 44 ஆக்கி, அதை மறுபடி 22-உடன் கலந்தால் 33 வரும். மூன்று தொகுதி இருப்பதால் இனச்செல் சரியாக உருவாகாது, விதை பிடிக்காது. இன்று நாம் கடையில் வாங்கும் விதையில்லாப் பழத்தின் கதை அதுதான். இத்தனை பெரிய வெற்றிகள் கிடைத்ததால் செடி ஆய்வில் கோல்ச்சிசின் முதல் பெயராக நிலைத்துவிட்டது. ஒரைசலின் போன்றவை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தன.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொருள்கள் எல்லாமே டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. டியூபுலின் ஒன்றோடொன்று சேர்ந்துதான் நுண்குழலாகிறது. செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பது அந்த நுண்குழல்கள். அவை உருவாகாவிட்டால் குரோமோசோம்கள் இரட்டித்த நிலையிலேயே ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். மருந்தைக் கழுவி எடுத்தபின் அந்தச் செல் மறுபடி பிரியத் தொடங்கினால் நான்மடியம் கிடைக்கும். வழிமுறை இவ்வளவுதான்.

ஆனால் விலங்கின் டியூபுலினும் செடியின் டியூபுலினும் ஒன்றல்ல. கோல்ச்சிசின் விலங்கு டியூபுலினை இறுக்கமாகப் பிடிக்கும், செடியின் டியூபுலினைத் தளர்வாகத்தான் பிடிக்கும். மனித செல்களை நிறுத்த மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவே போதும். மோலார் கணக்கில் அது சுமார் 0.25 மைக்ரோமோலார். ஆர்க்கிட் விதை முளைத்ததும் உருவாகும் சிறு உருண்டையான புரோட்டோகார்முக்கு வழக்கமாகப் போடுவது 0.05 சதவீதம், அதாவது லிட்டருக்கு 500 மில்லிகிராம், மோலார் கணக்கில் 1.25 மில்லிமோலார். ஒன்றுக்கு ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். செடியை வேலை செய்ய வைக்க நாம் தயாரிக்கும் கரைசல், அதைக் கையில் எடுப்பவருடைய செல்லுக்குத் தேவையான அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அடர்த்தியானது.

ஒரைசலின் இதற்கு நேர் எதிர். அது டைநைட்ரோஅனிலின் வகையைச் சேர்ந்த களைக்கொல்லி. செடியின் டியூபுலினை இறுக்கமாகப் பிடிக்கும், விலங்கின் டியூபுலினைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாது. அதனால் செடிக்கு 10 முதல் 30 மைக்ரோமோலார் போதும். 30 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 10 மில்லிகிராம்.

இதை ஒரு 100 மில்லிலிட்டர் குடுவைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.05 சதவீத கோல்ச்சிசின் என்றால் குடுவைக்குள் 50 மில்லிகிராம். கௌட் வாதத்துக்கு டாக்டர் எழுதித் தரும் கோல்ச்சிசின் மாத்திரை பெரும்பாலும் அரை மில்லிகிராம். ஆக, ஷேக்கரில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு குடுவையில் நூறு மாத்திரை கரைந்திருக்கிறது. அதே வேலைக்கு ஒரைசலின் ஒரு மில்லிகிராம் போதும், அதன் உடனடி நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. மாணவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபிறகு கேள்வி தானாகவே மாறிவிடுகிறது. "அப்படின்னா ஒரைசலினில் என்ன சிக்கல், ஏன் எல்லாரும் அதுக்கு மாறல?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

முதல் சிக்கல் கரைதிறன். கோல்ச்சிசினின் பெரிய வசதி, அது தண்ணீரிலேயே கரையும் என்பது. ஒரு கிராமுக்கு 25 மில்லிலிட்டர் தண்ணீர் போதும். எத்தனாலில் இன்னும் எளிதாகக் கரையும். தாவர ஆல்கலாய்டுகளில் இது கொஞ்சம் விசித்திரமானது. மற்ற பல ஆல்கலாய்டுகளை உப்பாக மாற்றித்தான் தண்ணீரில் கரைப்பார்கள். வின்பிளாஸ்டின் என்ற மருந்து சல்பேட்டாக வருவது அதனால்தான். கோல்ச்சிசினில் இருக்கும் ஒரே நைட்ரஜன் அமைடாகக் கட்டுண்டு கிடப்பதால் அதற்குக் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. உப்பும் ஆகாது, அதற்கு உப்பு தேவையும் இல்லை. ஒரைசலினோ தண்ணீரில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம்கூட முழுதாகக் கரையாது. நாம் போட நினைப்பது 10 மில்லிகிராம். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் ஸ்டாக் (அடர் கரைசல்) செய்து வளர்ப்பு ஊடகத்தில் கலக்கும்போது மேல் அளவுகளில் மங்கலான படிவு வந்துவிடும். படிவு வந்தால் உங்கள் குறிப்பேட்டில் 30 என்று இருக்கும், செடிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பது தெரியாது. அதனால் நான் 5, 10, 15 மைக்ரோமோலார் அளவுகளில் தொடங்கச் சொல்கிறேன். குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்கு மேல் போக வேண்டும்.

ஸ்டாக் கணக்கு எளிது. ஒரைசலினின் மூலக்கூறு எடை 346. ஒரு மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ-வில் 3.46 மில்லிகிராம் கரைத்தால் 10 மில்லிமோலார். ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டர் போட்டால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ அளவு 0.1 சதவீதம். ஒப்பீட்டுக்கு வைக்கும் குடுவையிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும், மருந்து மட்டும் இல்லாமல். இதை விட்டுவிட்ட ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்வாளர் முதலில் கேட்பதும் அதைத்தான். இன்னொன்று: டிஎம்எஸ்ஓ ஸ்டாக்கைச் சாதாரண செல்லுலோஸ் வடிகட்டியில் விடாதீர்கள், வடிகட்டியே கரைந்துவிடும். நைலான் அல்லது பிடிஎஃப்இ வாங்குங்கள். தண்ணீரில் கரைத்த கோல்ச்சிசினுக்குச் சாதாரண 0.22 மைக்ரான் செல்லுலோஸ் வடிகட்டியே போதும்.

இரண்டாவது சிக்கல், ஒரைசலின் தீங்கற்றது என்ற நினைப்பு. அது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கெடுதல். தொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடும் பொருள் அது இல்லை. கோல்ச்சிசினோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவு. குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே குடும்பத்தில் ட்ரைஃப்ளூராலினும் இருக்கிறது. அது எளிதில் ஆவியாகும், மூடிய அறையில் வேலை செய்பவர்களுக்கு வசதியாக இல்லை. அமிப்ரோஃபாஸ் மீத்தைல் நன்றாக வேலை செய்யும், ஆனால் கிடைப்பது கடினம். இந்த இரண்டையும் இதற்கு மேல் பேசப் போவதில்லை.

கோல்ச்சிசினையே வாங்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? வரும். உங்கள் மேற்பார்வையாளரின் பழைய ஆய்வு முழுவதும் கோல்ச்சிசினில் செய்தது, உங்கள் முடிவை அதோடு நேரடியாக ஒப்பிட வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஒரைசலினுக்கு அசையாத சில வகைச் செடிகளும் உண்டு. விலங்கு செல்லில் நுண்குழலைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கும் கோல்ச்சிசின் மதிப்புள்ள கருவி. 1967-இல் போரிசியும் டெய்லரும் டியூபுலினை அடையாளம் கண்டதே, கோல்ச்சிசின் எதைப் பிடிக்கிறது என்று தேடிப்போய்த்தான். அவர்களுக்கெல்லாம் இதன் குணங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிர் மஞ்சள் தூள். மூலக்கூறு எடை 399.4. இதன் பெரிய எதிரி வெளிச்சம். புற ஊதாக் கதிர் பட்டால் அதன் ஏழு பக்க வளையத்துக்குள் புதுப் பிணைப்பு உண்டாகி லூமிகோல்ச்சிசின் ஆகிவிடும். அது டியூபுலினைப் பிடிக்காது. கரைசல் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது. திசு வளர்ப்பு அறை என்றாலே அலமாரி முழுக்க விளக்கு. பதினாறு மணி நேரம் எரியும் அந்த விளக்கின் கீழ் கோல்ச்சிசின் குடுவையை மூடாமல் நாள்கணக்கில் வைப்பது சரியில்லை. சிகிச்சை நடக்கும் நாள்களில் குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். விலங்கு செல் ஆய்வில் லூமிகோல்ச்சிசினை ஒப்பீட்டுப் பொருளாக வைப்பார்கள். ஏறக்குறைய அதே மூலக்கூறு, நுண்குழலைத் தொடாது. ஆக, ஒரு விளைவு கோல்ச்சிசினால் மட்டும் வருகிறது என்றால் அது நுண்குழல் வழியாக வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

பழைய ஸ்டாக் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். கோல்ச்சிசினுக்கு 350 நானோமீட்டர் அருகே தெளிவான உச்சி உண்டு, லூமிகோல்ச்சிசினில் அது போய்விடும். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கரைசலில் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 0.4 காட்ட வேண்டும். அதில் பாதிதான் வருகிறது என்றால் ஸ்டாக்கைக் கழிவுப் புட்டியில் சேர்த்துவிடுங்கள். ஒரு மாத வேலையை வீணாக்கிவிட்டுக் காரணம் தேடுவதைவிட ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பார்ப்பது மேல்.

வாங்கும்போது சான்றிதழில் தூய்மைச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எஞ்சிய கரைப்பான் எவ்வளவு என்றும் பாருங்கள். கோல்ச்சிசின் படிகமாகும்போது குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட் போன்றவற்றைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சில சதவீதம்வரை அது இருக்கலாம். தண்ணீரும் கொஞ்சம் இருக்கும். செடிக்கு இது பெரிய விஷயமில்லை. செல்லில் அளவுக்கேற்ற விளைவு வரைபடம் போடுபவர்கள் எடையைத் திருத்திக்கொள்ள வேண்டும். செடியிலிருந்து எடுத்த பொருள் என்பதால் டெமகோல்சின், கோல்ச்சிகோசைடு போன்ற உறவுப் பொருள்களும் சிறிதளவு கலந்திருக்கலாம். இணையக் கடைகளில் சான்றிதழ் இல்லாமல் மலிவாக விற்கும் தூளை எந்த நிலையிலும் வாங்காதீர்கள்.

கையாளுதலில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று. தூளைத் தராசில் நிறுக்கவே வேண்டாம். 100 மில்லிகிராம் அடைத்த சிறு குப்பியாக வாங்குங்கள், அந்தக் குப்பிக்குள்ளேயே 10 மில்லிலிட்டர் தண்ணீரோ எத்தனாலோ விட்டுக் கரைத்துவிடுங்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்டாக் தயார், தூள் காற்றில் பறக்க வழியே இல்லை. ஒரு கிராம் புட்டி கணக்குப்படி மலிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் தராசு, கரண்டி, தராசைச் சுற்றியுள்ள மேசை எல்லாவற்றையும் துடைக்க வேண்டியிருக்கும், துடைத்த தாளும் நச்சுக் கழிவு. அந்த மலிவு நிற்காது. ஸ்டாக்கைப் பழுப்பு நிறச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனித்துளி இறங்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும்.

அடுத்தது திசு வளர்ப்புக்காரர்களுக்கே உரிய ஒரு கண்ணி. நாம் எல்லா வேலையையும் லாமினார் ஃப்ளோ பெட்டிக்குள் செய்து பழகியவர்கள். அந்தப் பெட்டி செடியைக் காப்பாற்றுகிறது, நம்மை அல்ல. வடிகட்டிய காற்று உள்ளிருந்து நம் முகத்தை நோக்கித்தான் வீசும். அதற்குள் கோல்ச்சிசின் தூளைத் திறப்பது தூளை மூக்குக்கு நேராக ஊதிவிடுவதற்குச் சமம். தூள் நிலையில் உள்ள எல்லா வேலையும், காற்றை நம்மிடமிருந்து உள்ளே இழுத்து வெளியேற்றும் பியூம் ஹூட்டில் நடக்கட்டும். கரைத்து, வடிகட்டி, மூடிய பிறகே லாமினார் ஃப்ளோவுக்குக் கொண்டு போங்கள்.

கையுறை நைட்ரைல், இரண்டு அடுக்கு. செடிக்குள் நன்றாக இறங்கட்டும் என்று கோல்ச்சிசினோடு ஒன்று இரண்டு சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்ப்பது வழக்கம். செடிக்குள் இறக்குவது தோலுக்குள்ளும் இறக்கும். அந்தக் கலவை கையுறையில் பட்டால் உடனே கழற்றிப் புதிது போடுங்கள். கோல்ச்சிசின் மரபணுச் சேதம் உண்டாக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. இதைக் கேட்கத் தயங்கும் மாணவிகள் இருப்பார்கள். மேற்பார்வையாளரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குடுவை கழுவும் அக்காவை மறந்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து புரோட்டோகார்மை மூன்று முறை அலசும் தண்ணீர், குடுவையின் முதல் மூன்று அலசல், எல்லாமே கழிவுப் புட்டிக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் குடுவை கழுவும் தொட்டிக்குப் போகலாம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் நச்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். குடுவையின் மேல் ஆங்கிலத்தில் மட்டும் எழுதி ஒட்டாமல் மலாயில் 'பெராச்சுன்' (நச்சுள்ளது) என்று பெரிதாக எழுதுங்கள். ஆய்வகத்தில் எல்லாரும் படிக்கும் மொழி அதுதான். நம் ஆய்வுக்காக இன்னொருவர் தெரியாமல் ஆபத்தை ஏற்பது நியாயமில்லை.

மலேசியாவில் இது வெறும் நல்லெண்ண விஷயமும் அல்ல. 2013-ஆம் ஆண்டின் வேதிப்பொருள் வகைப்பாடு, லேபிள் விதிமுறைகளின்படி ஆபத்தான வேதிப்பொருளுக்கு லேபிளும் பாதுகாப்புத் தரவுத்தாளும் இருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது, அதன் வரம்பும் விரிந்துவிட்டது. கழிவு விஷயத்தில் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் பொருந்தும். அப்படிப்பட்ட கழிவை 180 நாளுக்கு மேல் வளாகத்தில் தேக்கி வைக்கக் கூடாது. முதுகலை ஆய்வு ஒன்றரை வருடம் ஓடும், மாணவர் போனபின் மூலையில் பெயரில்லாத பழுப்புப் புட்டிகள் மிஞ்சும். கழிவுப் புட்டியைத் திறக்கும் நாளிலேயே தேதியையும் பொருளின் பெயரையும் அடர்த்தியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். லிட்டர்கணக்கில் கோல்ச்சிசின் கழிவு சேரும் என்பதையும் வாங்கும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரைசலினிலும் அதே அளவு தண்ணீர்தான் சேரும், ஆனால் அதில் இருக்கும் மருந்து ஐம்பதில் ஒரு பங்கு.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கோல்ச்சிசின் உள்ளே போனால் முதல் சில மணி நேரம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிறகு வரும், உறுப்புகள் பாதிக்கப்படுவது அதற்கும் பின்னால். மருத்துவமனைகளில் கைவசம் இருக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. டயாலிசிஸும் இதை இரத்தத்திலிருந்து எடுக்க உதவாது. அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், பாதுகாப்புத் தரவுத்தாளையும் கையோடு கொண்டு போக வேண்டும். நமக்கு ஒரு வசதி, தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. அதன் எண்ணை அறைக் கதவில் ஒட்டி வையுங்கள். தோலில் பட்டால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவவும், கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் அலசவும். இரண்டு நிலையிலும் மேற்பார்வையாளருக்குத் தெரியப்படுத்தவும்.

வீட்டுத் தோட்டத்தில் ஆர்க்கிட் வளர்க்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர்மலைப் பக்கமும் பாலிக் புலாவ் பக்கமும் அருமையாக ஆர்க்கிட் வளர்க்கும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு மாத்திரையை நசுக்கியோ, செங்காந்தள் கிழங்கை அரைத்தோ வீட்டுச் சமையலறையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அந்தக் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. கொடியை அழகுக்காக வளர்க்கலாம், குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில். நான்மடியச் செடிதான் வேண்டுமென்றால், நாற்றுப்பண்ணையில் ஏற்கெனவே நான்மடியமாக்கிய வகைகளைக் கேட்டு வாங்கிக் கலப்பு செய்யுங்கள்.

இனி மற்ற இரண்டு நோக்கங்கள். மனித இரத்தத்தில் குரோமோசோம் பார்ப்பவர்கள் கோல்செமிட்டைத் தேர்ந்தெடுப்பதில் விவாதமே இல்லை. டெமகோல்சின் என்பதும் அதுதான், கோல்ச்சிசினின் நெருங்கிய உறவு. நச்சு கோல்ச்சிசினைவிடக் குறைவு, கழுவினால் செல் சீக்கிரம் மீளும். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று கரைத்தே விற்கிறார்கள், தூளைத் தொடவே தேவையில்லை. 1956-இல் ட்ஜியோவும் லெவனும் மனித செல்லில் 46 குரோமோசோம் என்று எண்ணிச் சொன்னபோது கையில் இருந்தது கோல்ச்சிசின். இன்று அந்த வேலைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் எதுவுமில்லை.

வேர் நுனிக்கு 8-ஹைட்ராக்சிகுயினோலின், 0.002 மோலார், 18 டிகிரி போல் குளிரில் மூன்று நான்கு மணி நேரம். குரோமோசோம்கள் சுருங்கி அழகாகப் பிரிந்து நிற்கும். அதுவும் இல்லையென்றால் வேரை ஐஸ் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள், குளிரே நுண்குழலைக் கலைத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் வெங்காய வேரில் செல் பிரிவின் நிலைகளைக் காட்ட மட்டும் என்றால் எந்த முன்சிகிச்சையும் தேவையில்லை. ஆறாம் படிவ மாணவர் கையில் கோல்ச்சிசின் கொடுப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மறுபடி ஆர்க்கிட்டுக்கு வருகிறேன். மருந்தைத் தேர்ந்தெடுப்பதோடு முடிவு முடிந்துவிடவில்லை. சிகிச்சைக்கு எதை எடுக்கிறீர்கள் என்பது மருந்தைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். வளர்ந்த தண்டு நுனியில் பல அடுக்குச் செல்கள் தனித்தனியாகப் பிரிந்துகொண்டிருக்கும். அதில் சில இரட்டிக்கும், சில இரட்டிக்காது, கலப்புச் செடிதான் கிடைக்கும். சின்னப் புரோட்டோகார்ம் எவ்வளவு இளசோ அவ்வளவு நல்லது. ஒரைசலின் 5, 10, 15 மைக்ரோமோலார், கோல்ச்சிசின் வைத்தே ஆக வேண்டுமென்றால் 0.025, 0.05, 0.1 சதவீதம், ஒவ்வொன்றும் ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று வைத்துப் பாருங்கள். பாதி பிழைத்து பாதி சாகும் அளவுக்கு அருகில்தான் வழக்கமாக நல்ல பலன் கிடைக்கும். எல்லாமே பிழைத்திருந்தால் மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பதிலும் ஆர்க்கிட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் போட்டுப் பார்த்து இரு மடங்கு டிஎன்ஏ காட்டும் உச்சி வந்ததும் நான்மடியம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஆர்க்கிட் திசுக்களில், குறிப்பாகப் புரோட்டோகார்மில், எந்த மருந்தும் இல்லாமலே சில செல்கள் டிஎன்ஏவை இரட்டித்து வைத்திருக்கும். இளம் இலையை எடுங்கள், சிகிச்சை பெறாத செடியையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். இலைத்துளைக் காப்புச் செல்லின் நீளத்தை அளப்பது மலிவான முதல் சோதனை. இலையின் அடியில் நகப்பூச்சுத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் போதும், நான்மடியத்தில் அவை தெளிவாகப் பெரிதாக இருக்கும். கடைசியாக வேர் நுனியில் எண்ணுங்கள். பெரும்பாலான டெண்ட்ரோபியங்களுக்கு 38, இரட்டித்தால் 76. அந்த எண்ணிக்கைக்கும் 8-ஹைட்ராக்சிகுயினோலினே போதும். சிகிச்சை முடிந்த உடனே எண்ணாமல், இரண்டு முறையாவது புது ஊடகத்துக்கு மாற்றி வளர்த்த பிறகு எண்ணினால் கலப்புச் செடிகள் பல தாமாகவே பின்தங்கிவிடும், மிஞ்சியவற்றை நம்பித் தொட்டியில் நடலாம்.